நாற்பத்தொன்றாம் குழியின் நிழல்

எங்கள் லாட்காலே பகுதியின் பழைய இடுகாடுகளில் ஆணைக் கிழக்கே தலை வைத்தும், பெண்ணை மேற்கே தலை வைத்தும் புதைத்திருப்பார்கள். ஆயிரம் வருஷத்தில் மணல் எலும்பைத் தின்றுவிடும். பல்லும் வெண்கலமும் இரும்பும்தான் மிஞ்சும். ஆகவே ஆணா பெண்ணா என்பதற்கு அகழாய்வுக்காரர்களான நாங்கள் முதலில் பார்ப்பது திசையைத்தான். திசையைக் காட்டும் வடக்கு அம்பை ஒவ்வொரு குழியிலும் வைப்பவன் நான். வரைபடமும் குறிப்பேடும் என் பொறுப்பு.

ஜூலை பதினொன்றாம் தேதி, நாற்பத்தொன்றாம் குழி. கோடரி, ஈட்டி முனை, மேற்குக் கோடியில் ஆறு பற்கள். மேற்கே தலை, கையில் ஆயுதம். எங்கள் அகழாய்வுத் தலைவி விஸ்மா மேடம் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் செய்தித்தாள்களில் "போர்ப்பெண்" வந்தது. பக்கத்துச் சரளைக் குவாரிக்காரர்கள் நிலத்தை ஒப்படைக்க எங்களுக்குத் திங்கட்கிழமை வரைதான் கெடு வைத்திருந்தார்கள். செய்தியைப் பார்த்துத் தொல்லியல் வாரியம் குவாரியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. வரைபடம் என் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அக்டோபர் வரை நிலம் எங்களுக்கு. தோண்டாத குழிகள் இன்னும் குறைந்தது நாற்பது இருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் படங்களைச் சரிபார்த்தேன். குறிப்பேட்டில் நேரம்: காலை 7.40. அந்த நேரத்தில் நிழல் மேற்கே விழ வேண்டும். படத்தில் முளைக்குச்சியின் நிழல், என் அம்பின்படி, கிழக்கே விழுந்திருந்தது.

ஞாபகம் வந்தது. எப்போதும் தெற்குக் கரையில் நின்று அம்பை எனக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து வைப்பேன். அன்று, முந்தின இரவு மழையில் தெற்குக் கரை இளகிக் கிடந்ததால் வடக்குக் கரைக்குப் போனேன். கை பழக்கப்படியே எதிர்ப்பக்கமாக வைத்துவிட்டது; அம்பு தெற்கைக் காட்டியிருக்கிறது. தலை கிழக்கேதான் இருந்திருக்கிறது. ஆண். சாதாரண ஆண். மறுபடி அளந்து பார்க்கவும் வழியில்லை. அந்த ஓரம் மறுநாளே சரிந்து விழுந்துவிட்டது.

படத்தை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். மேடம் பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்த நிழலைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது காட்டினியா ஆர்வீட்ஸ்?"

"இல்ல. திருத்தி எழுதிடறேன்."

"எழுது. திங்கக்கிழமை மிஷின் இறங்கும். நாப்பது பேரையும் சல்லடையில சலிச்சு ரோட்டுக்குப் போடுவான். அதையும் நீயே வரைஞ்சு வெச்சுடு."

"தெரிஞ்சே பொய்யில கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. பல்லைப் பரிசோதனைக்கு அனுப்பத்தான் போறேன். ஆம்பளைன்னு பதில் வர ஏப்ரல் ஆயிடும். அதுக்குள்ள நாம வேலைய முடிச்சிருப்போம்."

"ஏப்ரல்ல என் பேருதானே மாட்டும்?"

"உன் பேருதான்," என்றார். குரலில் கோபமே இல்லை. "அம்பு வெச்சது நீதானே?"

திருத்தப் படிவத்தை எடுத்துத் தேதி போட்டேன். குழி எண் எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. கூடார வாசல் வழியே, தோண்டாத குழிகளுக்கு நாங்கள் அடித்த முளைகள் வரிசையாகத் தெரிந்தன. எண்ணிப் பார்க்காமலிருக்க முடியவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். மேடம் அதை வாங்கி உறையில் போட்டு, நன்றிகூடச் சொல்லாமல் சூப்பைத் தொடர்ந்தார்.

வெளியே வந்தால், குவாரியின் தோண்டும் மிஷின் ஓட்டுகிற ஜிண்டார்ஸ் அதன் நிழலில் கால் நீட்டியிருந்தான். வேலை நின்றதிலிருந்து அவனுக்குப் பாதிச் சம்பளம்.

"என்னய்யா, குழிக்குள்ள இருக்கிற உங்க ராணியம்மா எனக்கு மீதிச் சம்பளம் தருவாளாமா?"

"கேட்டுச் சொல்றேன்."

"எம் பொண்ணு பேப்பர்ல வந்த படத்த வெட்டிக் கட்டில்மேல ஒட்டியிருக்கா. கம்பை எடுத்துக்கிட்டு வீட்டு வாத்தையெல்லாம் ஓட ஓட விரட்டுறா. திட்டவும் மனசு வரல." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நெசமாவே பொம்பளதானே? சும்மா பேப்பர்க்காரன் கதையில்லையே?"

கையெழுத்துப் போடும்போது வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அவன் காத்திருந்தான்.

"பொம்பளதான்," என்றேன்.

"அப்ப சரி, பாதிச் சம்பளத்துல ஓட்டிக்கறேன்," என்று தொப்பியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டான்.

நாற்பத்திரண்டாம் குழியில் இறங்கினேன். ஆள் உயரத்துக்கு மணல் சுவர். அக்டோபர் வரை இங்கேதான்.