ஒரு அடிக்குப் பன்னிரண்டு

வெயில் ஏறுவதற்குள் தூண்களுக்குக் கலவை போட்டு முடிக்க வேண்டும் என்பதால் ஆட்கள் ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள். மெஷின்காரர் கைப்பிடியை மாட்டி நாலு சுற்றுச் சுற்றினார். கலவை மெஷின் இரண்டு தடவை இருமி, கறுப்பாகப் புகை துப்பி, பிறகு அலறத் தொடங்கியது. அதன் வயிற்றுக்குள் ஜல்லி புரளும் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கையசைவுதான் பேச்சு.

அக்கா சும்மாடைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு முதல் சட்டிக்குக் குனிந்தாள். கூடப் பிறந்த தங்கை ஒருத்திதான் என்றாலும், அங்கே வேலை செய்த மற்ற இருபத்தொரு பேருக்கும் அவள் அக்காதான். பதினெட்டு வருஷமாகச் சட்டி சுமக்கிறாள். ஈரக் கலவை தலைக்கு ஏறும்போது கழுத்தில் ஏதோ ஒன்று 'நொறுக்'கென்று இடம் மாறும். அதன்பிறகு பாரம் தெரியாது. காதோரம் வழியும் சிமெண்ட் தண்ணீர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ராணுவ மருத்துவமனையின் புதிய வார்டு. போரில் கை, கால், கண் இழந்த நாற்பது முன்னாள் சிப்பாய்கள் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஆறு வருஷமாகக் கிடந்தார்கள். அவர்களுக்காக இரண்டு தளக் கட்டடம். சுவரும் மேல்தளமும் முடிந்துவிட்டன. மாடியில் வார்டு, கீழே அலுவலகமும் ஒரு பெரிய கூடமும். மாடிக்குப் போக லிஃப்ட், அது நின்றுபோனால் சக்கர நாற்காலி ஏற மூன்று மடிப்பாக வளைந்து போகும் சாய்வுப் பாதை. அந்தப் பாதையின் தூண்களுக்குத்தான் அன்றைக்குக் கலவை.

எட்டு மணிக்கு மெஷின் ஓய்ந்தபோது, அக்காவின் தங்கை ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் கொட்டகையில் ஆயா வேலை பார்ப்பவள். நாற்காலியில் இருந்தவருக்கு வயர்லெஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ராணுவத்தில் அவர் பார்த்த வேலை அது. தொடைக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை. தினமும் கட்டட வேலையைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

"அக்கா, மூஞ்சியில பவுடர் கொஞ்சம் ஓவரா இருக்கு" என்றாள் தங்கை.

"நீயும் வந்து ஒரு சட்டி தூக்கேன், உனக்கும் பூசி விடுறேன்."

"நான் தூக்குறது சட்டியா? ஆளு. ஒவ்வொண்ணும் எண்பது கிலோ."

"எழுபத்தாறு" என்றார் வயர்லெஸ். "அதுவும் ரெண்டு காலையும் கழிச்சுட்டு. கணக்குல தப்பு வரக் கூடாது."

சிரிப்பு அடங்குவதற்குள் காண்ட்ராக்டரின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கி யாரையும் பார்க்காமல் லிஃப்டுக்காகத் தோண்டியிருந்த குழி ஓரம் போய் நின்றார். அதில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றது.

"கொத்தனாரே, இதை மூடிடுங்க."

"தண்ணிய இறைச்சுடறோம் சார்."

"தண்ணிய இல்ல. குழிய மூடுங்க. லிஃப்ட் கிடையாது." கையிலிருந்த புது வரைபடத்தை விரித்தார். "ரேம்ப்பையும் சுருக்கிட்டாங்க. வளைவெல்லாம் வேணாம். நேரா ஒரே ஏத்தம், நடுவுல ஒரு மேடை. தூணு அஞ்சு போதும்."

கொத்தனார் வரைபடத்தைக் கையில் வாங்கினார். அவர் அதிகம் பேசாதவர். ஒரு செங்கல் நூல் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஏன் சார்?"

"ஏன்னா காசு இல்ல. இந்த வருஷம் அரசாங்கம் ஒதுக்கினதுல முக்கால்வாசி எல்லை முகாமுக்குப் போயிடுச்சு. அங்க ஆறு மைலுக்குச் சுத்துச்சுவர், தரைக்கடியில வெடிமருந்துக் கிடங்கு. அது போக மிச்சம்தான் காயம்பட்டவங்களுக்கு. நானா வெட்டினேன்? எனக்கு வந்த கடுதாசிய உங்களுக்குக் காட்டுறேன், அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க கவலைப்படாதீங்க. அந்தச் சுவர் வேலையும் என்கிட்டதான் வந்திருக்கு. இதைச் சுருக்கா முடிச்சீங்கன்னா, எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போறேன். ஒரு வருஷத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்ல."

அந்த ஒரு வருஷம் எல்லோர் காதிலும் விழுந்தது. வயர்லெஸ் மட்டும் நாற்காலியை இரண்டு சுற்று முன்னால் உருட்டினார்.

"சார், போருக்குப் போனப்போ எனக்கு ரெண்டு கால் இருந்துச்சு. அப்போ வெறுந்தரையில படுக்க வெச்சீங்க. இப்போ கால் இல்ல, மாடியில படுக்கச் சொல்றீங்க. கீழ இருக்கிற ஆபீஸை மேல ஏத்திட்டு எங்களைக் கீழ விட்டா என்ன? ஆபீஸருக்குத்தான் கால் இருக்கே."

கொத்தனார் சட்டென்று சொன்னார். "முடியும் சார். கீழ இன்னும் தரை போடல. குழாய் வேலையைக் கொஞ்சம் மாத்தினா போதும். செலவு ஒண்ணும் பெருசா ஆகாது."

காண்ட்ராக்டர் வரைபடத்தைப் பிடுங்கிச் சுருட்டினார். "அது முடியாது. திறப்பு விழாவுக்குப் பெரியவங்க வருவாங்க. கூடம் கீழதான் வேணும்னு மேலிடத்து உத்தரவு."

"அப்போ காசு இல்லைன்னு சொன்னது?" என்றாள் அக்கா.

"சட்டி தூக்க வந்தவ சட்டியப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

குழியை மூடினார்கள். தன் கையால் தோண்டிய குழியில் அக்கா தானே மண்ணைத் தள்ளினாள். அதே வாரம் கொட்டகையில் எட்டு ஆயாக்களில் நாலு பேரை நிறுத்திவிட்டார்கள். அதுவும் அதே கடுதாசியின் வேலைதான். தங்கை தப்பினாள். ஆனால் இரண்டு ஆள் வேலை ஒரு முதுகில் ஏறியது.

ஆறு வாரத்தில் பாதையின் கீழ்ப்பாதி, நடு மேடை வரைக்கும், எழும்பிவிட்டது. கொத்தனார் ரசமட்டத்தையும் டேப்பையும் வைத்து அளந்து பார்த்தார். "சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும். முதல் வரைபடத்துல அப்படித்தான் இருந்துச்சு. இது ஆறு" என்று அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று மாலைவரை யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

மேல்பாதிக்குப் பலகை அடித்துக் கம்பியும் கட்டி முடித்த நாளில் காண்ட்ராக்டர் ஒரு போட்டோக்காரருடன் வந்தார். இன்னும் இரண்டு நாளில் அதிகாரி பார்வையிட வருகிறார். நாற்காலி ஏறுவதுபோல ஒரு படம் ஃபைலில் இருக்க வேண்டும். கொட்டகைக்கு ஆள் அனுப்பி ஒரு ஆயாவையும் ஒரு நோயாளியையும் வரச் சொன்னார்.

தங்கைதான் வந்தாள். நாற்காலியில் வயர்லெஸ்.

"முடியுமாடி?" என்று அக்கா கேட்டாள்.

"தினமும் கல்லும் மேடுமா தள்ளுறேன். இதென்ன பெரிய இது."

முதல் பத்தடி நன்றாகத்தான் போனது. பிறகு அவள் உடம்பு முன்னால் சாய ஆரம்பித்தது. இன்னும் பத்தடியில் அவள் முகம் அவருடைய தலைக்கு மேலே வந்துவிட்டது. கால் விரல்கள் சிமெண்டைப் பற்ற முயன்று நழுவின. வயர்லெஸ் சக்கரங்களை இரண்டு கையாலும் பிடித்து உந்தினார். அவருடைய உள்ளங்கைத் தோல் வழன்றது. "அப்படியே ஒரு நிமிஷம் நில்லும்மா, இதோ" என்று கீழேயிருந்து போட்டோக்காரர் கத்தினார்.

அந்த ஒரு நிமிஷம்தான். நிற்க முயன்றபோது தங்கையின் இடது கால் வழுக்கியது. விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் விடவில்லை. நாற்காலி பின்னால் உருண்டு, அவளை மல்லாத்தி, முழங்கால்மேல் ஏறிப் புரண்டது. வயர்லெஸ் தோள்பட்டை இடிபட விழுந்து கைப்பிடிச் சுவரில் மோதி நின்றார்.

அக்கா தலையிலிருந்த செங்கற்களை அப்படியே சரித்துவிட்டு ஓடினாள். தங்கையின் முழங்கால் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. அவள் அழவில்லை. "அவருக்கு என்னாச்சு பாரு, அவருக்கு என்னாச்சு பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"தரை ஈரமா இருந்திருக்கு" என்றார் காண்ட்ராக்டர். அவருக்கும் முகம் வெளிறித்தான் போயிருந்தது. "மேலே சொரசொரப்பா ஒரு பூச்சு பூசிட்டா சரியாயிடும். நாளைக்கு விடிகாலையில மேல்பாதிக்குக் கலவை. நிறுத்தாம ஒரே மூச்சுல போட்டாகணும்."

தங்கையை உள்ளே தூக்கிப் போனார்கள். அரை மணியில் ஆயாக்களின் மேற்பார்வையாளர் வந்து, குணமாகும்வரை அவள் வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். குணமான பிறகு வரலாமா என்று கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்று நடந்தபடியே சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்தார்கள். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

"நாளைக்கு நான் சட்டி தூக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

மெஷின்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "கோபம் புரியுதுக்கா. ஆனா நீ தூக்கலைன்னா வேற ஆளு தூக்குவான். சுவர் வேலைக்குன்னு அறுபது பேரைக் கூட்டிட்டு வந்து பக்கத்துலயே இறக்கி வெச்சிருக்காரு. நமக்குத்தான் அந்த ஒரு வருஷமும் போகும். என் வீட்டுல அஞ்சு வாய் இருக்கு."

"என் வீட்டுல மட்டும் என்ன, வாயில்லாத பிள்ளைங்களா?"

"அதைச் சொல்லல..."

"இரு, நான் சொல்லிக்கிறேன். இத்தனை வருஷத்துல எத்தனையோ கட்டியாச்சு. நாம கட்டின எதுலயும் நாம குடியிருக்கப் போறதில்ல, அது தெரிஞ்சதுதான். ஆனா ஆளை உருட்டித் தள்ளுறதுக்குன்னே ஒண்ணை இதுவரைக்கும் கட்டினதில்ல. இன்னைக்குக் காலையில என் தலையில இருந்த கல்லு அதுக்குத்தான் போய்ச் சேர இருந்துச்சு. அவ முட்டியில ஏறின சக்கரத்துக்கு வழி போட்டுக் குடுத்தது நான்தான்."

அடுத்துப் பேசியது கொத்தனார்.

"ஆறுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். டேப்பைச் சுருட்டிப் பையில வெச்சுக்கிட்டேன்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு நானும் கரண்டிய எடுக்கல."

"கேக்குறதைத் தெளிவாக் கேக்கணும்" என்றார் பலகை அடிப்பவர். "லிஃப்டைக் குடு, இல்ல பழைய வரைபடத்துப் பாதையக் குடு. ரெண்டும் முடியாதா, வார்டைக் கீழ இறக்கு."

"என் தங்கச்சி வேலையும்" என்றாள் அக்கா.

"நிறுத்தின நாலு பேரோட வேலையும்" என்றாள் இன்னொரு சித்தாள்.

மெஷின்காரர் எழுந்து போனார்.

மறுநாள் ஐந்தரைக்கு மணலும் ஜல்லியும் அளந்து குவித்தபடியே இருந்தன. சிமெண்ட் மூட்டைகளின் வாய் பிரிக்கப்படவில்லை. இருபத்தொரு பேர் பாதையின் அடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மெஷின்காரர் மெஷின் பக்கத்தில் தனியாக நின்றார். காண்ட்ராக்டர் வந்ததும் வராததுமாக அவரைப் பார்த்து, "ஓட்டுய்யா!" என்றார்.

மெஷின்காரர் கைப்பிடியைக் கழற்றினார். அதைத் துணியில் துடைத்தார். பிறகு கைப்பிடியோடு நடந்து வந்து, வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு அர்த்தம் என்ன?"

"நாங்க கேக்குறது மூணே விஷயம் சார்" என்று கொத்தனார் எழுந்து நின்று சொன்னார். மூன்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"தேசத்துக்கான வேலைய நிறுத்துறீங்க. இது என்ன குற்றம் தெரியுமா?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "அந்தத் தேசத்துல நாங்களும் உண்டா சார்?"

வயர்லெஸ்ஸின் தோளில் கட்டுப் போட்டிருந்தது. அவர் நாற்காலியைத் தள்ளியது வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு ஆயா. அவர்களுக்குப் பின்னால் கொட்டகையே கிளம்பி வந்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், ஒருவரின் முதுகில் ஒருவர். கண் தெரியாத ஒருவர் முன்னால் போகும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவர்கள் வேலையாட்களுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து அமர்ந்தார்கள்.

காண்ட்ராக்டர் தூரப்போய்ப் போனில் பேசினார். ஒரு மணி நேரம் யாரும் அசையவில்லை. வெயில் ஏறியது. பிறகு சுவர் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. இருபது முப்பது பேர், ஆணும் பெண்ணும், தலையில் சும்மாடு கட்டியபடியே குதித்து இறங்கினார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் எழ முயன்றார்கள். அக்கா கையை நீட்டி அமர்த்தினாள்.

"நிக்காம வேலையைப் பாருங்க!" என்றார் காண்ட்ராக்டர்.

லாரியில் வந்தவர்கள் மணல் குவியல் வரைக்கும் வந்தார்கள். அதற்குமேல் போக வழியில்லை. வழி முழுக்க மனிதர்கள். அவர்கள் நாற்காலிகளைப் பார்த்தார்கள். பாதையின் ஏற்றத்தைப் பார்த்தார்கள். அவர்களும் கட்டடம் கட்டுகிறவர்கள்தான். யாரும் டேப் எடுத்து அளந்து காட்டத் தேவையிருக்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு வயதான சித்தாள் முன்னால் வந்தாள். மிதித்து மிதித்துத் தேய்ந்த ரப்பர் செருப்பு, கையில் காலிச் சட்டி. அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?"

"விடிஞ்சதுல இருந்து."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"தெரியலம்மா" என்றாள் அக்கா. "குடுப்பாங்களான்னும் தெரியல."

அந்த அம்மாள் திரும்பிக் காண்ட்ராக்டரை ஒரு தடவை பார்த்தாள். அவர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். தன் கூட வந்தவர்களைப் பார்த்தாள். பிறகு சட்டியைத் தரையில் கவிழ்த்துப் போட்டாள்.

"சரி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள்.