இரண்டாவது கையெழுத்து

1

இந்தக் கதை தானாக என் மனதில் உதிக்கவில்லை. மேலாளர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். எங்கள் மருந்துக் கிடங்குக்கென்று ஓர் இதழ் உண்டு. ஒருமுறை யாருக்கோ பிரிவுபசாரக் கவிதை எழுதிக் கொடுத்த பாவத்துக்கு அது என் தலையில் விழுந்தது.

"இந்தத் தடவ ஆட்டிசம் விழிப்புணர்வு சிறப்பிதழ். நம்ம லேபிள் பொண்ணப் பத்தி ஒரு கதை எழுதிடுங்க. ஐந்நூறு சொல் போதும். படிச்சா கண்ணுல தண்ணி வரணும்," என்றார்.

2

தொடக்கம்: 'தனக்கென ஒரு தனி உலகில் வாழும் அந்தத் தேவதை…'

[அடித்துவிட்டேன். அவள் இருப்பது எனக்கு அடுத்த மேசையில்.]

வேறு தொடக்கம்: 'ஆயிரம் மருந்துப் பெயர்களை நொடியில் ஒப்பிக்கும் அந்த அபூர்வ மூளை…'

இதை அவளிடமே காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"எனக்கு அவ்வளவு ஞாபகம் இருக்காது அண்ணா. பட்டியலப் பாத்துதான் சரிபாக்கறேன். எல்லாரும் அப்படித்தான பண்றாங்க?"

"கதைக்கு நல்லா இருக்குமேன்னு போட்டேன்."

"பொய்யா இருக்கே."

[அதையும் அடித்துவிட்டேன். மேதைகளுக்குத்தான் மரியாதை என்றால் எங்கள் கிடங்கில் மேலாளர் உட்பட ஒருவருக்கும் நாற்காலி மிஞ்சாது.]

3

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பெட்டிகளில் அச்சான காலாவதித் தேதி பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவள் தலைக்கு மேலே ஒரு விளக்கு ரீங்காரமிட்டபடி துடித்துக்கொண்டே இருக்கிறது. நமக்கு அது பழகிவிட்டது. அவளுக்கோ நாள் முழுக்க யாரோ நெற்றியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பது போல. மத்தியானத்துக்குள் எழுத்துகள் நகர ஆரம்பித்துவிடும், ஒவ்வொரு பெட்டியையும் மூன்று முறை பார்ப்பாள். விளக்கை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் கொடுத்தாள்.

பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு விதி இருக்கிறது. புகார் கொடுப்பவரின் பிரிவிலேயே வேறு இரண்டு பேர் படிவத்தில் கையெழுத்திட்டு உறுதி செய்தால்தான் பழுது பழுதாகும். இல்லாவிட்டால் அது 'தனிப்பட்ட விருப்பம்'. எங்கள் பிரிவில் அவளையும் சேர்த்துப் பதினேழு பேர். படிவம் மேசை மேசையாகப் போனது. "பாவம்மா நீ" என்று வாய் வலிக்கச் சொன்னார்கள். மேலாளரின் கண்ணில் எதற்குப் படவேண்டும் என்று ஒருவரும் பேனாவைத் திறக்கவில்லை.

4

பிறகு விழிப்புணர்வு நாள் வந்தது. மேலாளர் இருநூறு நீல விளக்குகளை வரவழைத்தார். சரத்தின் ஒரு முனையைக் கட்ட, அந்தத் துடிக்கும் விளக்குக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்தார்கள். ஏணியில் நின்றவருக்கு அது கையெட்டும் தூரம்தான்.

அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாம். மதிய உணவு முடிந்து உள்ளே நுழைந்தவள் முகத்தில் இருநூறும் ஒன்றாக எரிந்தன. கைதட்டல், பலூன் வெடிப்பு, ஒலிபெருக்கி. காதைப் பொத்திக்கொண்டு வெளியேறி நாற்பது நிமிடம் படிக்கட்டில் நின்றாள். திரும்பி வந்து மிச்சப் பெட்டிகளைப் பார்த்து முடித்தாள்.

"அவளுக்காக எவ்வளவு மெனக்கெட்டோம். ஒரு தேங்க்ஸ் சொல்லல பாருங்க," என்றார் மேலாளர். நான் தலையாட்டினேன்.

[இந்த வரியை அடிக்கப் பார்த்தேன். ஆட்டிய தலையை என்ன செய்வது?]

அவள் கோப்பில் இரண்டு குறிப்புகள் ஏறின: 'மத்தியானங்களில் வேலை மந்தம். குழுவோடு ஒத்துப்போவதில்லை.' அவள் வேலை நிரந்தரமா, இல்லையா என்பதை இந்த வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள்.

5

முடிவு அ: மேலாளர் மனம் திருந்தி… (அவரைத் தெரிந்தவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.)

முடிவு ஆ: கிடங்கில் தீப்பிடிக்கிறது. அவள் எல்லோரையும் காப்பாற்றுகிறாள். பிறகு அவள் கேட்டதை… [ஒரு விளக்கை மாற்றக் கட்டடத்தையே கொளுத்த வேண்டியிருக்கிறது.]

முடிவு இ: அவளை அனுப்பிவிடுகிறார்கள். காலி நாற்காலி, துடிக்கும் விளக்கு. கண்ணில் தண்ணீருக்கு உத்தரவாதம். துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பலாம்.

"கதை எப்படி முடிஞ்சா உனக்குப் பிடிக்கும்?" என்று அவளிடம் கேட்டேன்.

பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள். "கதை வேண்டாம் அண்ணா. அந்தப் படிவம் பதினோரு நாளா உங்க டிராயர்லதான் இருக்கு. அதக் குடுங்க."

6

ஆம், என்னிடம்தான் இருக்கிறது. யோசித்துச் சொல்வதாக வாங்கி வைத்தவன், அதன்மேல் இந்தக் கதைத் தாள்களை அடுக்கி மூடினேன். மேலாளரைக் கிழித்துத் தோரணம் கட்டும்போது எனக்கு எவ்வளவு குளுகுளுவென்று இருந்தது தெரியுமா? வெட்கமாக இருக்கிறது.

இன்று வியாழன். படிவத்தை வெளியே எடுத்துவிட்டேன். பழுது உறுதியானால் மத்தியான மந்தம் அவள் குற்றமாகாது. கோப்பிலும் அதை எழுதியாக வேண்டும். இதழ் நாளைக் காலை அத்தனை மேசைக்கும் வந்துவிடும். மேலாளர் சொற்களை எண்ணுவாரே தவிர, படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில் முடிவுக்குப் பதிலாகப் படிவத்தை இங்கே வைக்கிறேன். 'நான் இந்தப் பிரிவில் இல்லையே' என்கிறீர்களா? உங்கள் தலைக்கு மேலும் விளக்கு இருக்கும், அதன் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

பழுது: ஒன்பதாம் மேசைக்கு மேலுள்ள விளக்கு துடிக்கிறது.
உறுதி செய்பவர் 1: நான். பதினோரு நாள் தாமதமாக.
உறுதி செய்பவர் 2: