நரி போகும் வழியும் அம்மன் போகும் வழியும்

வெள்ளோடைப்பட்டுக்காரர்களைப் போல இயற்கையை நேசிக்கிறவர்களை சிதம்பரம் வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. ஏரி வேண்டும், ஓடை வேண்டும், நாமக்கோழி வேண்டும், நரிகூட வேண்டும் என்பார்கள். எல்லாம் பக்கத்து ஆளுடைய நிலத்தில் இருக்க வேண்டும். அதைத் தவிர அவர்களுக்கு வேறு நிபந்தனையே கிடையாது.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வினோதினிக்கு இது முழுசாக விளங்கியது கருத்துக்கேட்புக் கூட்டத்தில்தான். கடலூரில் நிலப் பயன்பாட்டுத் திட்டம் வரைகிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம், எங்கே எதுவுமே வரக்கூடாது என்று வரைபடத்தில் வண்ணம் பூசுகிற உத்தியோகம். இந்த முறை மேலிடம் புதிதாக ஒன்று கேட்டிருந்தது. தனித்தனியாகக் கிடக்கும் ஏரி, ஓடை, காடுகளை ஒரே தொடராக இணைத்துத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமாம். வினோதினிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊர் ஏரியில் கிளம்பி, ஓடை வழியாக, தாழம்புதர்களைத் தாண்டி, பிச்சாவரம் சுரபுன்னைக் காடு வரைக்கும் ஒரே பச்சைக் கோடாக இழுத்தாள்.

நரிக்காகவும் நீர்நாய்க்காகவும் மட்டும் அவள் அந்தக் கோட்டை இழுக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் வீட்டுத் தெருவில் விழுகிற மழைத் தண்ணீர் வெளியேற அந்த ஓடையை விட்டால் வேறு வழி கிடையாது. ஓடையை ஆளுக்குக் கொஞ்சம் மேய்ந்துவிட்டதால் போன ஐப்பசியில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அப்போதாவது அம்மா தில்லையம்மாள் நடமாட்டத்தில் இருந்தாள். இப்போது இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கூடத்துக் கட்டிலில் படுத்தபடுக்கை. இன்னொரு தடவை தண்ணீர் வந்தால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் கார்த்திகேசன். ‘பசுஞ்சோலை நகர்’ என்று மனை போட்டு, அதற்காக ஒரு பசுஞ்சோலையை வெட்டியவர்.

"மேடம், அருமையான திட்டம். கேக்கும்போதே புல்லரிக்குது. என் மனைகிட்ட வர்ற எடத்துல மட்டும் கோட்ட கொஞ்சம் நிறுத்திட்டு, அந்தாண்ட மறுபடி ஆரம்பிச்சுக்குங்க."

"நடுவுல விட்டுட்டா அதுக்குப் பேரு இணைப்பு இல்லீங்களே. நரி எப்படிப் போவும்?"

"தாண்டிப் போவட்டுமே. நரிக்கு என்னா காலா இல்ல?"

அடுத்து இறால் குட்டை அந்தோணிசாமி. தனக்கும் கடவுள் படைத்த உயிர்கள்மேல் ரொம்ப அன்பு உண்டு என்றும், ஆனால் தன் குட்டைக் கரையில் அந்த உயிர்கள் நடமாடினால் இறாலைத் தின்றுவிடும் என்றும் சொன்னார். கடைசியாக சடையப்பன் பேசினார். செல்லியம்மன் கோயில் தர்மகர்த்தா, அரிசி ஆலை முதலாளி. ஆலையின் பின்சுவர் ஓடைக்குள்ளேயே நின்றது.

"திட்டத்த நான் எதுக்கலம்மா. எதுக்கறவன் மனுசனா? மில்லு எடத்த மட்டும் உட்டுடு."

ஆளாளுக்கு ‘மட்டும்’ சொல்லி முடித்தபோது வினோதினியின் பச்சைக் கோடு அங்கங்கே அறுந்து தொங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. படித்த படிப்பில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. ஆனால் அவள் இந்த ஊர்ப் பெண். மைக்கைக் கையில் எடுத்து வெள்ளந்தியாக ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டாள்.

"எல்லாரும் சொல்றது சரிதாங்க. ஆனா இது செல்லியம்மன் மாசி மகத்துக்குக் கடலாடப் போன வழி. அந்தக் காலத்துல ஓடைக்கரை மேலதான் தோள்ல தூக்கினு போனாங்களாம், எங்க அம்மா சொல்லும். அம்மன் வழியத்தான் எடுத்துடணும்னா, எடுத்துடறேன்."

அம்மன் டிராக்டரில் ஏறி தார்ச்சாலை வழியாகக் கடலுக்குப் போய்வந்து பல வருஷமாகிறது. பழைய வழியை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அம்மன் வழியை அழி என்று அத்தனை பேர் முன்னால் எவன் வாய் திறப்பான்? சடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தோணிசாமி, "சாமி விசயம்னா எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். கார்த்திகேசன் ஒரு படி மேலே போனார். அம்மன் வழிக்குப் பக்கத்து மனைக்கு என்ன விலை சொல்லலாம் என்று மனசுக்குள்ளே போட்டுப் பார்த்துவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

திட்டம் நிறைவேறியது. வினோதினி அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். பாவம், சிரிக்கட்டும் விடுங்கள்.

நரி வழி என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நரி பாட்டுக்குப் போய் வந்திருக்கும், தண்ணீரும் கூடவே போயிருக்கும். அம்மன் வழி என்று ஆகிவிட்ட பிறகு, மண்ணும் புதருமாகக் கிடந்தால் ஊருக்கு அல்லவா கேவலம்? ஆடி மாதமே கோயில் கமிட்டி வேலையை ஆரம்பித்துவிட்டது. தாழம்புதர்களில் பாம்பு இருக்கும் என்று வெட்டினார்கள். கரையைச் சமன்படுத்தி வண்ண வண்ண சிமென்ட் கல் பதித்தார்கள். ஓடை குறுக்கே வந்து அம்மன் காலை நனைக்கும் என்று அதை ஒரு சின்னக் குழாய்க்குள் அடக்கினார்கள். ஊர் எல்லையில் மேடு போட்டு, கம்பிக் கதவு வைத்து ஓர் அலங்கார வளைவு, அதன் இரண்டு பக்கமும் ஓடையை மறித்து ஆள் உயரச் சுவர். சுவர் எதற்கு என்று வினோதினி ஓடிப்போய்க் கேட்டாள்.

"நரி கிரி பூந்து அசிங்கம் பண்ணக் கூடாது பாரு" என்றார் சடையப்பன்.

நரிக்கென்று போட்ட பாதையில் நரி வராமல் இருக்கச் சுவர். எந்தப் பாடத்திட்டத்திலும் இதைச் சொல்லித் தரவில்லை.

"ஐயா, மழ வந்தா இந்தக் குழாயி தாங்காது. எங்க தெரு முழுவிப் பூடும். சுவத்த எடுத்துடுங்க, ஒங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

"நீதானம்மா இது அம்மன் வழின்னு சொன்ன? திட்டத்துலயும் அப்படித்தான எழுதியிருக்கு? இப்ப இடின்னா எப்படி? பாவம் யாரு தலையில?"

நோட்டீஸ் அனுப்பினாள். கமிட்டியார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார்கள். அதற்குமேல் அதை எடுத்துப் படிக்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

கார்த்திகையில் வங்கக்கடலில் காற்றழுத்தம் வந்து உட்கார்ந்தது. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிந்த பிறகும் விடவில்லை. வினோதினி அம்மாவின் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, பக்கத்து வீட்டு அமராவதியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் வளைவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே மேடாக இருந்ததால் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கடல் மாதிரி தண்ணீர், அந்தப் பக்கம் தண்ணீர் தேங்காத வெறும் தரை. கார்த்திகேசனின் ஜேசிபி ஓரமாக நின்றது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான்.

"சுவத்த ஒடைங்க! ஒரு தட்டு தட்டினா போதும்!" என்று கத்தினாள்.

"அவசரப்படாத. நல்ல நாள் பாத்து, பூக்கட்டிக் கேட்டு, அம்மன் உத்தரவு குடுத்தா செய்வம்" என்றார் சடையப்பன் குடைக்குள்ளிருந்து.

"நான் ஆபீசரா சொல்றேன், ஒடைங்க."

அந்த வார்த்தைக்கு ஒருத்தர் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது போன் அடித்தது. அமராவதி.

"தங்கச்சி, தண்ணி கட்டில் சட்டத்த தொட்டுடுச்சும்மா. அம்மாவ நான் ஒருத்தியா தூக்க முடியல. அது அழுவுது. சீக்கிரம் வா."

வினோதினி ஓடிப்போனாலும் இடுப்பு முறிந்த அம்மாவை இரண்டு பேராக அந்தத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வர முடியாது. இங்கே நின்றாலும் எவனும் அசையப் போவதில்லை. சடையப்பனின் குடையைப் பார்த்தாள், வளைவின் உச்சியில் சிமென்ட்டில் சிரித்துக்கொண்டிருந்த அம்மனைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. அவள் அவிழ்த்தாளா, அதுவாக அவிழ்ந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"டேய்!"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"என் வழிய அடச்சிட்டு, எனக்கே வளைவு கட்டறியாடா?"

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு கிழவி கூவினாள். அவ்வளவுதான். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. சற்று முன்பு சிரித்தவர்களே சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். சடையப்பனின் குடை காற்றில் போயிற்று. நனைந்துகொண்டே கைகட்டி நின்றார்.

"தாயே, என்னா கொற? சொல்லு தாயே!"

"தண்ணி போற வழிதான்டா என் வழி! மறிச்சு வச்சவன் ஒருத்தனும் வெளங்க மாட்டான். ஒடைடா சுவத்த! இவளப் பெத்தவ கட்டிலோட முழுவறா, போய்த் தூக்குங்கடா!"

நல்ல நாளும் பார்க்கவில்லை, பூவும் கட்டவில்லை. டிரைவர் பன்னைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் கையை இறக்கினான். சுவர் விழுந்தது, குழாய் பிளந்தது, வண்ணக் கற்கள் அப்பளமாக நொறுங்கின. தண்ணீர் ‘ஹோ’ என்று பாய்ந்தது. அஞ்சாறு இளவட்டங்கள், "அம்மா சொல்லிட்டா, ஓடுங்கடா!" என்று வினோதினியின் வீட்டுக்கு ஓடினார்கள். எத்தனை மனு, எத்தனை நோட்டீஸ்! முடியை அவிழ்த்துப்போட்டால் முடிகிற காரியம் என்று முன்பே தெரிந்திருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில், தெருவில் தண்ணீர் வடிவதாகவும் தில்லையம்மாளைப் பத்திரமாகப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோய்விட்டதாகவும் சேதி வந்தது. வினோதினி காதில் அது விழுந்தது. அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊரே காலடியில் கிடக்கிறது, கேட்டதெல்லாம் கிடைக்கிறது. பச்சைக் கோடு முழுக்க அவள் கண்முன்னால் வந்து நின்றது.

"இன்னும் என்னா வேணும் தாயே?" என்றார் சடையப்பன், பரவசமாக.

"ஓடைக்குள்ள ஒரு மில்லுச் சுவரு நிக்குதே, அது எவன்துடா?"

சடையப்பனின் முகத்தில் பரவசம் பட்டென்று நின்றது.

"பசுஞ்சோலை நகர்னு வாய்க்கால மேடாக்கி மனை போட்டிருக்கானே, அவன் எங்கடா? எறால் குட்டைக்குக் கரை ஒசத்தி..."

"கற்பூரம்! கற்பூரம் கொண்டாங்கடா!" கார்த்திகேசனின் குரல் கிறீச்சிட்டது. "ஆத்தாவுக்கு ஒடம்பு தாங்காது. சீக்கிரம் மலையேத்துங்க!"

அந்த மழையில் கற்பூரம் எங்கிருந்துதான் வந்ததோ. அந்தோணிசாமி தன் குடையை வாகாகப் பிடித்தார், கார்த்திகேசன் தீக்குச்சி உரசினார், சடையப்பன் கைநிறைய விபூதியை அவள் நெற்றியிலும் வாயிலுமாக அப்பினார். நாலு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எரியும் கற்பூரம் நாக்குக்குப் பக்கத்தில் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளுக்கு விபூதி புரையேறி இருமல்தான் வந்தது.

"மலையேறிட்டா" என்றார் சடையப்பன், மூச்சை விட்டு. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வினோதினி இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மில்லு சுவரு..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ஆபீசுல பேசிக்கலாம் மேடம்" என்றார் கார்த்திகேசன்.