மேலுதடு

இசக்கிக்குக் காது கேட்கவில்லை என்பது அவளுடைய இரண்டாவது தீபாவளியன்றுதான் தெரிந்தது. தாராவிச் சந்து முழுக்க வெடிச்சத்தம். மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓட, அவள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து புகையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பூதத்தான் அவளுக்குப் பின்னால் நின்று ஒரு தகர டப்பாவைத் தட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் பலமாகத் தட்டினார். அவள் திரும்பவில்லை.

அவளுக்கு ஆறு வயதானபோது, 1964 ஜூன் மழையில், ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்ன விலாசத்தை விசாரித்துக்கொண்டு பூதத்தானும் மனைவி செண்பகவல்லியும் அவளை மாதுங்காவுக்குக் கூட்டி வந்தார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். அதுதான் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. அங்கே டீச்சராக இருந்தவள் விஜயலக்ஷ்மி. மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்தவள்.

தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருந்தது.

“இங்கே ஹிந்திதான் சொல்லிக்கொடுப்போம். காது கேக்காத குழந்தைக்கு முதல்ல ஒரு பாஷைதான் தரணும்கறது எங்க ஸ்கூல் வழக்கம். இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணுன்னா ரெண்டுமே நிக்காது. அதனால ஆத்துலயும்... வீட்டுலயும் அவகிட்ட ஹிந்தியிலதான் பேசணும்.”

செண்பகவல்லி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பம்பாய்க்கு வந்து எட்டு வருஷமாகியும் அவளுக்கு ஹிந்தி தேவைப்பட்டதில்லை. அவள் புழங்கிய சந்தில் கடைக்காரர் முதல் தண்ணீர்க் குழாயடி வரை எல்லாம் திருநெல்வேலிதான்.

“இவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்,” என்றார் பூதத்தான். தோல் கிடங்கில் உப்புப் போட்ட தோல்களைப் பிரித்து அடுக்குகிற வேலை அவருக்கு. முக்காதத் தூரம் கேட்கும் குரலில் ஹிந்தி பேசுவார். “இங்கதான பொழைக்கப் போறா. ஹிந்தியே இருக்கட்டும் டீச்சரம்மா. சாயங்காலம் நான் உக்காந்து சொல்லிக் குடுக்கேன்.”

பள்ளியில் ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. அதன் முன்னால் டீச்சரும் பிள்ளையும் தோளோடு தோள் உட்காருவார்கள். டீச்சர் தன் வாய்க்கு நேரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு ‘பானி’ என்பாள். ‘ப’வுக்குக் காகிதம் துள்ளும். இசக்கியும் ஊதுவாள். ‘நி’ சொல்லும்போது டீச்சர் அவள் விரலை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைப்பாள். அங்கே ஒரு அதிர்வு. அதே அதிர்வைத் தன் மூக்கில் கண்டுபிடிக்க இசக்கிக்குப் பல நாளானது. கண்டுபிடித்த அன்று, பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாருடைய மூக்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இடைவேளையில் பிள்ளைகள் கைச்சாடையில் பேசிக்கொள்வதற்குப் பள்ளியில் அனுமதியில்லை. விஜயலக்ஷ்மி அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

மழைக்காலம் முடிவதற்குள் டீச்சர் உதட்டைப் பார்த்தே பானி, ரோட்டி என்று சில சொற்களை இசக்கி பிடித்துக்கொண்டாள். பள்ளியில் ‘பானி’ என்றால் தண்ணீர்ப் பானையை நோக்கி ஓடுவாள். வீட்டிலோ ஒன்றும் நடக்கவில்லை. பூதத்தான் தினமும் வேலை விட்டு வந்து, குளித்துவிட்டு, அவளை எதிரே உட்காரவைத்துக் கத்துவார். அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். பிறகு எழுந்து போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை அவர் மகளை அழைத்துப் போக வந்தபோது இதைச் சொன்னார். விஜயலக்ஷ்மி அவரைக் கண்ணாடியருகே உட்காரச் சொன்னாள்.

“எப்படிச் சொல்றேள்னு பார்க்கறேன்.”

பூதத்தான் மகளைப் பார்த்து ‘பானி’ என்றார். இசக்கி தலையைச் சாய்த்தாள். பிறகு குனிந்து, கீழேயிருந்து அவர் வாயை எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் விஜயலக்ஷ்மி கவனித்தாள். அடர்த்தியான மீசை, மேலுதடு முழுவதையும் மூடிக்கொண்டிருந்தது; நுனிகள் கன்னத்தில் முறுக்கி ஏறியிருந்தன. அதற்குள் உதடு மூடுவதும் திறப்பதும் தெரியவே இல்லை.

“இதுதானா,” என்று சிரித்துவிட்டாள். “மீசை மறைக்கறது. அதை எடுத்துடுங்கோளேன். சீக்கிரமே குழந்தை புரிஞ்சுண்டுடுவா.”

 பூதத்தான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நேரமாச்சு டீச்சரம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை இசக்கி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விஜயலக்ஷ்மி நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் வராமல் போகவே, ஒருநாள் பள்ளி விட்டதும் ரயில் பாலம் ஏறி இறங்கித் தாராவிக்கு நடந்தாள். மாதுங்காவுக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. பெயரைச் சொன்னபோது யாருக்கும் தெரியவில்லை. மீசைக்காரர் வீடா என்று கேட்டு வழி காட்டினார்கள்.

செண்பகவல்லி அவளைப் பார்த்துப் பதறிப்போய் ஒரு பெட்டியின் மேல் துணி விரித்து உட்கார வைத்தாள். இசக்கி ஓடி வந்து டீச்சரின் மூக்கைத் தொட்டாள்.

“ஏம்மா அனுப்பலை?”

செண்பகவல்லி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“நீங்க தெரியாம சொன்னிய. நான் அவுககிட்ட சொல்லிப் பாத்தேன். கேக்கல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்க ஊருல இவுக ஐயா ஒருநாள் மீசைய முறுக்கிக்கிட்டு மேலத்தெரு வழியா போயிட்டாவளாம். எங்க ஆளுவ அப்பிடிப் போகக்கூடாதுல்லா. பிடிச்சு வச்சு, பாதி மீசைய மட்டும் செரச்சு விட்டுட்டானுவ. இவுக அப்பம் நம்ம இசக்கி வயசு. பக்கத்துல நின்னு பாத்துருக்காவ. இங்க வந்து மொத வேலைல சேந்த அன்னைக்கு வளக்க ஆரம்பிச்ச மீசை அது.”

 விஜயலக்ஷ்மிக்குத் தான் சிரித்தது நினைவுக்கு வந்தது. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பூதத்தான் வந்தார். டீச்சரைக் கண்டதும் வாசலிலேயே நின்றார். அவள் எழுந்தாள்.

“நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மீசை அப்படியே இருக்கட்டும். இசக்கியை மட்டும் அனுப்புங்கோ. வீட்டுப் பாடத்துக்கு வேற வழி பார்த்துக்கலாம்.”

“வேற என்ன வழி இருக்கு? வீட்டுல எனக்கு மட்டுந்தான ஹிந்தி தெரியும்.”

“இவாளுக்கும் சொல்லிக்கொடுத்துடறேன். குழந்தையோட வந்து உக்காரட்டும்.”

செண்பகவல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பூதத்தான் மனைவியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு, “டீச்சரம்மாவுக்கு டீ போடு,” என்றார்.

டீ வந்தது. விஜயலக்ஷ்மி குடிக்கிறாளா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முழுவதும் குடித்து முடித்து, சீனி கொஞ்சம் தூக்கல் என்றாள்.

மறுநாளிலிருந்து அம்மாவும் மகளும் சேர்ந்து பள்ளிக்கு வந்தார்கள். தலைமை ஆசிரியை முதலில் யோசித்தாள். பிறகு, மூலையில் ஒரு பாய் விரித்துக்கொள்ளச் சொன்னாள். கண்ணாடியில் இப்போது மூன்று முகங்கள். செண்பகவல்லிக்கு எல்லாச் சொல்லும் திருநெல்வேலி வாடையோடுதான் வந்தது. சாப்பாட்டுக்கான ‘கானா’ என்பதைத் திருப்பித் திருப்பித் தப்பாகவே சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

“பரவாயில்லை, சொல்லுங்கோ,” என்றாள் விஜயலக்ஷ்மி. “நீங்கோ எப்படிச் சொன்னாலும் அவளுக்கு உதட்டுல ஒண்ணுதான்.”

பனிக்காலத்துக்குள் வீட்டில் அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்திருந்தார்கள். பேச்சு என்றால் ஒன்றிரண்டு சொல்தான். சாப்பாடு வேண்டுமா, செருப்பு எங்கே, இங்கே வா. செண்பகவல்லி விளக்கைத் தன் முகத்துக்கு நேரே நகர்த்தி வைத்துக்கொண்டு சொல்வாள். இசக்கி பார்த்துத் தலையாட்டுவாள். சில சமயம், உடைந்து, மூக்கொலியோடு ஒரு சொல் அவள் வாயிலிருந்தும் வரும். பூதத்தான் சுவரில் சாய்ந்துகொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வாயைத் திறந்தால் மகள் அம்மா பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று புருவத்தால் கேட்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் யாரிடமும் சொல்லாமல் சலூனுக்குப் போனார். சலூன்காரர் இசக்கிமுத்து அவருடைய ஊர்க்காரர். பூதத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, விரலால் மூக்குக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

“மேலுதடு தெரியணும். நுனியத் தொடக்கூடாது.”

“என்ன அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. வெட்டு.”

இசக்கிமுத்து சீப்பை வைத்து, கத்தரியால் உதட்டின் மேல் விழுந்த மயிரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பூதத்தான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முன்னால் இருந்த கண்ணாடியில் கத்தரி போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எண்ணெய் வாங்கித் தடவி, இரண்டு நுனிகளையும் தானே முறுக்கிவிட்டுக்கொண்டார். கன்னத்தில் அது முன்பைவிட உயரமாக ஏறி நின்றது.

வீட்டுக்கு வந்து, வாசல் வெளிச்சத்தில் மகளை எதிரே உட்கார வைத்தார். செண்பகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கத்தவில்லை. சாதாரணக் குரலில், “பானி லா,” என்றார்.

இசக்கி அவர் உதட்டையே பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

பூதத்தான் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும், “பானி லா,” என்றார். மறுபடியும் வந்தது. அதையும் குடித்தார். மூன்றாவது தம்ளரைக் குடிக்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்ததைச் செண்பகவல்லி பார்த்தாள். வயிறு முட்டிய பிறகும் அவர் விடவில்லை. அடுத்த தடவை கேட்டபோது இசக்கி எழவில்லை. வெளியே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பாவை நேராகப் பார்த்து, ஒரு விரலைத் தன் மூக்கில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, “நஹீ,” என்றாள். சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

பூதத்தான் வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை கிடங்கில் மீசையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்.

“எம் பிள்ளை என்னை எதுத்துப் பேசிட்டால்லா.”