வெள்ளைக்கு அடியில் நீலம்

ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வந்த இசக்கிசெல்வி, கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூ பெட்டியை இழுத்தாள். இழுத்த கைக்கே தெரிந்துவிட்டது, பெட்டி காலி என்று. மூடியைத் திறந்து பார்த்தாள். மெல்லிய காகிதம் மட்டும் இருந்தது.

"ஏட்டி, இதுக்குள்ள இருந்த ஷூவ எவ எடுத்தா?"

அறையில் ஆறு பேர். மேல்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் போர்வைக்குள்ளிருந்தே பதில் சொன்னாள். "பாண்டி போட்டுட்டுப் போனா."

"போட்டுட்டுப் போனாளா?"

அந்தச் சொல் இசக்கிசெல்விக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு வருடமாக அவள் இந்த மாதிரி ஷூக்களை வாங்கி விற்கிறாள். யாராவது காலில் போட்டுக்கொண்டு வெளியே போவார்கள் என்பது அவள் நினைப்பில் வந்ததே கிடையாது.

அவளுக்குச் சொந்த ஊர் திசையன்விளை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் தொழிற்சாலையில் கேமரா சோதிக்கும் லைனில் வேலை. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் ஒரு விளம்பரம் பார்த்தாள். ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த ஷூ. கொஞ்சம் ஜோடிதான் செய்வார்கள், அதையும் கடையில் அடுக்கி விற்கமாட்டார்கள். பெயர், நம்பர், அளவு கொடுத்துப் பதிய வேண்டும், குலுக்கலில் யாருக்கு விழுகிறதோ அவர்கள் வாங்கலாம். விளையாட்டாகப் பதிந்தாள், விழுந்துவிட்டது. பெட்டியை முழுசாகப் பிரிப்பதற்குள் சென்னையிலிருந்து ஒருவன் கூப்பிட்டு இரண்டு மடங்கு விலைக்குக் கேட்டான். அப்படி ஆரம்பித்ததுதான்.

அதன் பிறகு நிறைய ஜோடிகள் அவள் கை வழியாகப் போய்விட்டன. எது அசல், எது போலி என்று பிரித்துச் சொல்லப் பழகியிருந்தாள். தையல், பசை வாசனை, நாக்குப் பகுதிக்குள் அச்சடித்த எழுத்தின் இடைவெளி எல்லாம் அத்துப்படி. சில ஜோடிகளை விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டாள். விடுமுறை நாளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, காகிதத்தைச் சுற்றித் திரும்ப வைப்பாள். ஆனால் ஸ்கேட்போர்டு ஒன்றை நேரில் பார்த்ததில்லை.

இப்போது காணாமல் போயிருந்தது முழுக்க வெள்ளையான ஒரு ஜோடி. படப்பையில் இருக்கும் ஷெர்லின் என்ற பெண், குலுக்கல் அறிவித்த அன்றே ஏழாம் நம்பர் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான் என்பதால், இசக்கிசெல்வி அறையில் இருந்த எல்லாருடைய போனையும் வாங்கி, எல்லார் பெயரிலும் ஏழாம் நம்பருக்கே பதிந்தாள். விழுந்தது பாண்டிச்செல்விக்கு. பணத்தை இசக்கிசெல்வி கட்டினாள்.

பாண்டிச்செல்வி விளாத்திகுளம் பக்கத்துப் பெண். அதே தொழிற்சாலையில் பேக்கிங். நல்ல உயரம். பார்சல் வந்த அன்று விடுதியைப் பார்த்துக்கொள்ளும் லீலா அக்கா வாசலில் நின்று, "பாண்டிச்செல்வி யாரும்மா? உம் பேருக்கு இன்னாமோ பெரிய பொட்டி வந்துகீது" என்று சத்தம் போட, அவள்தான் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். "ஒரு தடவ கால விட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். இசக்கிசெல்வி சிரித்தபடி பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

பாண்டிச்செல்வி வெயில் தாழ்ந்ததும் வந்து சேர்ந்தாள். மஞ்சள் சுடிதார், நெற்றியில் குங்குமம், காலில் அந்த வெள்ளை ஷூ.

"எங்கட்டி போனே?"

"கோயிலுக்கு. வீக் ஆஃப்ல வேற எங்க போவ?"

"கோயிலுக்கா? அப்ப இத எங்க விட்ட?"

"செருப்பு விடுற எடத்துலதான். வேற எங்க விடுவாங்க?"

இசக்கிசெல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூற்றுக்கணக்கான செருப்புகளுக்கு நடுவே இந்த ஜோடி கிடந்ததையும், அதை யாரும் எடுத்துக்கொண்டு போகாததையும் அவளால் ஒன்றாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறகுதான் இடது ஷூவின் முனையைக் கவனித்தாள். விரல் நுனி அளவுக்கு வெள்ளைத் தோல் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் துணியோ பஞ்சோ தெரியவில்லை. அடர்ந்த நீலம் தெரிந்தது.

"இது என்னது?"

"ஷேர் ஆட்டோ படியில இடிச்சிட்டேன். தொடச்சா போயிரும்னு நெனச்சேன்." பாண்டிச்செல்வியின் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. "போகல."

"கழட்டு."

கழற்றிக் கொடுத்தாள். இசக்கிசெல்வி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். தையல் சரி, வாசனை சரி, எழுத்தும் சரி. ஆனால் அசல் ஷூ இப்படி உரியாது. போலி என்றால் மட்டும் யார் இப்படி அடியில் இன்னொரு நிறத்தில் நல்ல தோலைப் போட்டுச் செய்வார்கள்? உரிந்த ஓரத்தில் நகத்தை வைத்தாள். இன்னும் கொஞ்சம் வந்தது. சட்டென்று கையை எடுத்தாள். இப்போது நீலம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஆகியிருந்தது.

"ஏன் போட்டே? நான் வேண்டாம்னுதான சொன்னேன்?"

"நீ எங்க சொன்னே? சிரிச்சே." பாண்டிச்செல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "கடையில போயி என் சைஸ் கேட்டா ஆம்பளச் செருப்பத்தான் எடுத்துப் போடுவான். பக்கத்துல நிக்கவ சிரிப்பா. இது என் பேருல வந்துச்சு, என் அளவுக்கு வந்துச்சு. என்னைய யாரோ நெனச்சு அனுப்புன மாதிரி இருந்துச்சு. அதான் போட்டேன்."

திட்டுவதற்காகத் திறந்த வாயை இசக்கிசெல்வி மூடிக்கொண்டாள். ஏழாம் நம்பர் என்று பதிந்தது தான்தான் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

ஷெர்லினுக்குப் போன் செய்து, ஷூவில் ஒரு சின்னப் பிரச்சினை, நேரில் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குக் கிளம்பியபோது பாண்டிச்செல்வியும் அதே மஞ்சள் சுடிதாரில், செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கு?"

"என் பேருலதான வந்துச்சு. திட்டுனா எனக்கும் பங்கு வேணும்ல."

ஒரகடம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஷெர்லின் சொன்ன இடம் படப்பையைத் தாண்டி உள்ளே, புதிதாகப் பிரித்த மனைகள். தார் ரோடு, விளக்குக் கம்பம், தெருப் பெயர்ப் பலகை எல்லாம் இருந்தன. வீடு மட்டும் இல்லை. அந்த ரோட்டில் ஒல்லியான ஒரு பெண் நான்கு சக்கரம் வைத்த பலகையில் நின்றபடி அவர்களை நோக்கி உருண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் பலகையின் பின்முனையை மிதித்தாள். அது நிமிர்ந்து அவள் கைக்குள் வந்தது.

"இசக்கிக்காவா? நான்தான் ஷெர்லின்."

அவளுடைய பழைய ஷூ இரண்டும் பக்கவாட்டில் கிழிந்து, பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தன. இசக்கிசெல்வி பெட்டியைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஷெர்லின் அந்த ஷூவைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, நீலமா! அக்கா, நீலம்க்கா!"

"பெயிண்ட் உரிஞ்சிருச்சும்மா. எப்படின்னே தெரியல. நான் வாங்கினது அசல்தான், பில்லு இருக்கு..."

"அசல்தான்கா. இப்டிதான் வரணும்." ஷெர்லினுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "கம்பெனிக்காரன் வாயே தொறக்கல. போட்டு ஓட்டனவங்கதான் கண்டுபுடிச்சு வீடியோ போட்டாங்க. போர்டு ஓட்டறப்போ ஷூ ஒரே எடத்துல தேஞ்சிக்கினே இருக்கும். தேயத் தேய வெள்ள போயிடும், அடியில இருக்கறது வெளிய வரும். ஒருத்தருக்குப் பச்சை வந்துச்சாம். இது நீலம்."

"அப்போ இது தேயணும்னே செஞ்சதா?"

"ஆமா."

"தேயாம இருந்தாத்தான வெல?"

"அது விக்கிறவங்களுக்கு."

இசக்கிசெல்வி பலகையைப் பார்த்தாள், ஷெர்லினின் கிழிந்த ஷூவைப் பார்த்தாள். காகிதத்தில் சுற்றி மாதக்கணக்கில் வைத்திருந்த ஜோடிகள் ஞாபகம் வந்தன. அவற்றுக்குள்ளும் ஏதாவது இருக்குமா என்று ஒரு யோசனை ஓடியது. உரித்துப் பார்த்தால் தெரியும். ஆனால் உரித்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால்?

ஷெர்லினின் முகம் மெல்ல மாறியது. "ஆனா மொத கீறல் நானே போடணும்னு இருந்தேன்கா. இது வேற யாரோ ஆரம்பிச்சுட்டாங்க. யார் போட்டது?"

"நான்தான்" என்றாள் பாண்டிச்செல்வி.

"ஓட்டுவீங்களா?"

"இல்ல. கோயிலுக்குப் போனேன்."

ஷெர்லின் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது யாருதுக்கா?" என்று இருவரையும் பொதுவாகக் கேட்டாள்.

பணம் கட்டியவள் ஒருத்தி. பெயர் இன்னொருத்தியுடையது. தருகிறேன் என்று வாக்கு வாங்கியவள் மூன்றாவது ஆள். இசக்கிசெல்வி பாண்டிச்செல்வியைப் பார்த்தாள், அவள் தன் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நீங்க பேசிட்டுச் சொல்லுங்க" என்று ஷெர்லின் பலகையைக் கீழே போட்டாள். பாண்டிச்செல்வியிடம் திரும்பி, "அதுவரைக்கும் ஒரு ரவுண்டு ஏறிப் பாக்கறீங்களா? ஷூவப் போட்டுக்கினு ஏறுங்க. செருப்போட ஏறாதீங்க" என்றாள்.

பாண்டிச்செல்வி இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். அதில் போடு என்றும் இல்லை, போடாதே என்றும் இல்லை. அவள் ஷூவை மாட்டிக்கொண்டு, ஷெர்லினின் இரண்டு கைகளையும் பிடித்துப் பலகையில் ஏறினாள். முழங்காலை மடக்கச் சொன்னாள் ஷெர்லின், மடக்கினாள். பலகை நகர்ந்தது. "ஏ ஆத்தி, ஏ ஆத்தி" என்று கத்திக்கொண்டே பாண்டிச்செல்வி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டினாள், இன்னொன்றையும் தாண்டினாள். ஷெர்லின் ஒரு கையை விட்டாள். பிறகு இன்னொன்றையும் விட்டாள். கொஞ்ச தூரம் தனியாகப் போனவள், ரோட்டில் கிடந்த ஜல்லியில் சக்கரம் தட்டித் தடாலென்று விழுந்தாள்.

இசக்கிசெல்வி ஓடினாள். குனிந்து பார்த்தாள். வலது ஷூவின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு உரிந்திருந்தது, அதிலும் நீலம்.

"ஷூவுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் பாண்டிச்செல்வி.

அப்போதுதான் இசக்கிசெல்வி நிமிர்ந்தாள். மஞ்சள் சுடிதார் முழங்காலில் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முழங்கையிலும் தோல் போயிருந்தது. ஓடிவந்து முதலில் தான் எதைப் பார்த்தோம் என்பது இருவருக்குமே தெரிந்துவிட்டது. இசக்கிசெல்விக்கு முகம் சூடானது. துப்பட்டாவின் நுனியை எடுத்து முழங்காலில் அழுத்தினாள்.

"வலிக்காட்டி?"

"வலிக்கு. ஆனா இன்னொரு தடவ ஏறணும்போல இருக்கு." சொல்லிவிட்டுப் பாண்டிச்செல்வி சிரித்தாள். இசக்கிசெல்விக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதற்கு எது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷெர்லின் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தாள். இரண்டு ஷூவையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம்கா. அவங்களே போட்டுக்கட்டும். அடுத்த குலுக்கல்ல எனக்கு ஒண்ணு புடிச்சிக் குடுங்க, அதப் பிரிக்காம குடுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

படப்பை மெடிக்கலில் மருந்தும் பஞ்சும் வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஷூ பாண்டிச்செல்வியின் காலிலேயே இருந்தது. கழற்று என்று இசக்கிசெல்வியும் சொல்லவில்லை, கழற்றட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

விடுதிக்கு வந்து காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இசக்கிசெல்வியிடம் முன்பு ஷூ வாங்கிய பெங்களூர்க்காரன் ஒருவன். இசக்கிசெல்வியின் பெயரோடு ஷெர்லின் நெட்டில் போட்ட படத்தைப் பார்த்திருக்கிறான். பிரிக்காத ஜோடி தன்னிடமே இரண்டு இருப்பதாகவும், இப்படிப் பாதி தேய்ந்து நீலம் தெரிகிற ஜோடிதான் வேண்டும் என்றும் சொன்னான். அவன் சொன்ன விலை, புதிதாக இருந்தபோது ஷெர்லின் தருவதாகச் சொன்னதைவிட அதிகம். ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் யாரும் அதைப் போடக்கூடாது. இதற்கு மேல் ஒரு கீறல்கூடப் படக்கூடாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று இசக்கிசெல்வி போனை வைத்துவிட்டு, பாண்டிச்செல்வியிடம் அப்படியே சொன்னாள்.

"கோயிலுக்குப் போட்டுட்டுப் போயிக் கெடுத்ததுக்கா கூடத் தாரான்?"

"ஆமா."

"கெடுத்தா வெல கொறையும்னுதான நீ சொன்னே?"

"ஆமாட்டி."

"இப்ப இதுக்கு மேல கெடுத்தா?"

"கொறையுமாம்."

பாண்டிச்செல்வி காலை நீட்டி இரண்டு ஷூவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவனுக்கும் புரியல, ஒனக்கும் புரியல. எனக்கென்னமோ கால் வலிக்காம இருக்கு, அவ்வளவுதான் தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "நீதான் பணம் கட்டினே. குடுத்துரட்டா?" என்றாள். ஒரு காலின் கயிற்றை அவிழ்க்கவும் தொடங்கினாள்.

விலை என்று வந்தால் இசக்கிசெல்விக்கு யோசனையே தேவைப்பட்டதில்லை. எண்ணைக் கேட்டதும் சரி, இல்லை என்று சொல்லிவிடுவாள். இப்போது அந்த எண் மனசுக்குள் அப்படியே கிடந்தது, எதையும் அசைக்கவில்லை. பாண்டிச்செல்வியின் விரல்கள் இரண்டாவது முடிச்சுக்கு வந்தபோது, "இரு" என்றாள். போனை எடுத்து, 'அது விற்பனைக்கு இல்லை' என்று அடித்து அனுப்பிவிட்டாள். ஏன் அனுப்பினோம் என்று அனுப்பிய பிறகும் தெரியவில்லை.

மறு நிமிடமே பதில் வந்தது. அவன் விலையை ஏற்றியிருந்தான். இசக்கிசெல்வி திரையை நீட்டிக் காட்டினாள். "பாத்தியா? வேண்டாம்னா ஏத்துதான்."

பாண்டிச்செல்வி படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"மெஸ் மூடிருவாங்க. வா, சாப்புட்டு வந்து அவன்கிட்ட என்னன்னு கேப்போம்."

"என்னன்னு கேக்க?"

"அதையும் சாப்புட்டுட்டு யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டு லேசாக நொண்டியபடி முன்னால் நடந்தாள். இசக்கிசெல்வி போனை எடுக்காமல் அவள் பின்னாலேயே படியிறங்கினாள்.