தனலெட்சுமி வீட்டு அறுபதாம் கல்யாணம்

“அந்த மனுசன்கிட்ட சொல்லு, பட்டு வேட்டி கட்டலேன்னா நான் மேடை ஏற மாட்டேன்னு.”

“ஏறாட்டி நிம்மதின்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

டத்தோ கிராமாட் ஃபிளாட்டில் எங்களுக்குப் பக்கத்து வீடு. சமையலறையில் தனலெட்சுமி, ஹாலில் முனுசாமி. இடையே பத்தடிகூட இருக்காது. ஆனாலும் பதினோரு வருடமாக எல்லாப் பேச்சும் மகன் குகன் வழியாகத்தான். அவன் வேலைக்குப் போயிருந்தால் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்புவார்கள். கத்தல் எனக்குத் தானாகவே கேட்கும். மற்றதை நான் விசாரித்துக்கொள்வேன்.

இருபத்தைந்து வயதில் பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. பாயான் பாரு தொழிற்சாலையில் நெஞ்சு படபடத்து விழுந்தான். இதயத்தில் கோளாறில்லை, மனசுதான் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கவும் சொன்னார். வந்து சொன்னால், இது யாரால் வந்தது என்று பெற்றவர்கள் அவன் வழியாகவே சண்டை போட்டார்கள்.

அந்த வாரம்தான் மாடிப்படியில் என்னிடம் சொன்னான்: “அறுபதாம் கல்யாணத்த பெருசா செஞ்சிருவோம்க்கா.” பாசம் என்று நினைத்து நாலு வீட்டில் சொல்லியும் வைத்தேன். அந்தத் தம்பதிக்கும் ஆசைதான். முனுசாமியின் தங்கை வீட்டில் மண்டபம் பிடித்துச் செய்திருந்தார்களே.

விழாவில் தாலித் தட்டை மகன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தட்டை வாங்கிய குகன், மைக்கையும் கேட்டான். நன்றி சொல்லப் போகிறானென்று கைதட்டினோம். அவன் கைப்பேசியை மைக்கருகே பிடித்தான்.

“உங்கப்பன்கிட்ட சொல்லு, இன்னிக்கு மீனு எனக்கும் பூனைக்கும்தான்னு.” தனலெட்சுமியின் குரல். எல்லாரும் சிரித்தோம். ஏழெட்டுப் பதிவு ஓடியது. கடைசியில் முனுசாமி: “உங்கம்மாகிட்ட சொல்லு, நீ பைத்தியமானது அவ ரத்தம்னு.”

அட்சதை வைத்திருந்த கைகள் அப்படியே நின்றன.

குகன் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தான். “இனிமே நீங்களே பேசிக்குங்க லா. நான் போறேன்.”

இருநூறு பேர் பார்க்கிறார்களே, முனுசாமி தாலியைக் கட்டினார். முடிச்சு விழக் கொஞ்ச நேரம் பிடித்தது.

குகன் மண்டபத்திலிருந்தே கிளம்பியவன் கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் வேலை தேடிக்கொண்டான். கூட வேலை செய்யும் லோகேஸ்வரியைப் போன வருடம் பதிவுத் திருமணம் செய்தான், வீட்டுக்குச் சொல்லவில்லை. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தாயிற்றாம். முனுசாமி பட்டர்வொர்த்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். தனலெட்சுமி மட்டும் இங்கேயே இருக்கிறாள்.