சண்டியருக்கு வைத்தியம்

என் மச்சானைக் கொத்துவதற்கென்றே பிறந்தது அந்தச் சேவல். என் மனைவி குஞ்சிலிருந்து வளர்த்தது; பெயர் சண்டியர். காலையில் பல் துலக்க மச்சான் பின்பக்கக் குழாயடிக்கு வந்தால் போதும், றெக்கையை விரித்துக்கொண்டு கெண்டைக்காலில் பாயும். அவர் வாய் நிறைய நுரையோடு ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது, "தங்கச்சி இல்லாம முடியாது, ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க" என்று கூப்பிட்டதே மச்சான்தான். வந்த பிறகு, நான் தட்டில் கை வைக்கும்போதெல்லாம், "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்க மாப்ள" என்று சிரிப்பார். மனைவியிடம் சொன்னால், "அண்ணன் குணம் தெரிஞ்சதுதானே, விடுங்க" என்பாள். விட்டேன். எனக்காகக் கொத்தத்தான் சண்டியர் இருந்ததே.

அதுவும் ஒருநாள் படுத்துவிட்டது. மூக்கில் சளி, கண் இரண்டும் ஒட்டிப்போய், கொண்டை வெளுத்து, மூலையில் குறுகி நின்றது. மச்சான் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"தேறாது மாப்ள. சாகறதுக்குள்ள அறுத்துடலாம்."

"பாக்கலாம் மச்சான்" என்றேன்.

அட்டைப்பெட்டியில் என் பழைய பனியனை விரித்து, எங்கள் அறையில் கட்டிலோரம் வைத்தேன். சூட்டுக்கு மேஜை விளக்கு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். லென்ஸ் துடைக்கும் துணியையே வெந்நீரில் நனைத்து இமைகளை ஒற்றியெடுத்தேன். கால்நடை டாக்டர் கொடுத்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால் அலகோரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். சோற்றைக் குழைத்து உருட்டி ஊட்டினேன். அறையே நாறியது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாய் கஞ்சி குடுத்திருப்பீங்களா?" என்றாள் மனைவி.

அன்பால் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வோர் உருண்டைக்கும், "தின்னு, அந்தாளோட காலை நினைச்சுக்கிட்டுத் தின்னு" என்று ஓதினேன். பழிவாங்க எனக்கு வேறு ஆள் இல்லை.

கண் திறந்தது. கொண்டை சிவந்தது. ஒரு விடிகாலை பெட்டிக்குள்ளிருந்து கூவியதில் வீடே எழுந்தது. அன்றே, மச்சான் பல் துலக்கும் நேரம் பார்த்துக் குழாயடியில் இறக்கிவிட்டேன்.

மச்சான் பதறிப் பின்வாங்கி, செருப்பைக் கழற்றி ஓங்கினார். என் சேவலோ திரும்பி ஓடிவந்து என் கால்களுக்கு நடுவே புகுந்து நடுங்கியது. ஊட்டி ஊட்டி அதன் வீரத்தை நானே கரைத்துவிட்டிருந்தேன்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுவும் வீட்டோட கோழி ஆயிருச்சு மாப்ள, உன்னை மாதிரியே! தள்ளு, இன்னைக்கே அடுப்புல ஏத்திடலாம்."

செருப்போடு நெருங்கினார். அவருக்கும் எனக்கும் நடுவே இப்போது யாரும் இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வருஷக்கணக்கில் கண்ணாடி தேய்த்த கை. செருப்பு கீழே விழுந்தது.

"நாங்க கிளம்பறோம் மச்சான். நாளையிலிருந்து மாமாவை நீங்களே தூக்கிக் குளிப்பாட்டுங்க."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. காப்பாற்றச் சொல்லித் தங்கையைப் பார்த்தார். அவள் அப்போதுதான் அப்பாவின் பெட்பேனைக் கழுவ எடுத்து வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், சேவலைப் பார்த்தாள். நிறைந்த பெட்பேனை அப்படியே அண்ணனிடம் நீட்டினாள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே பிடிண்ணே."